சோதனைக் குழாயில் ரோஜா நிறம்!

படர்தாமரை வந்தால் வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொல்வார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அந்த இலை ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நொறுங்கும், கொதிக்கும், கரும்பச்சைப் பிசினாக இறுகும், ஒரு சொட்டு அம்மோனியாவில் ரோஜா நிறமாகும், புற ஊதா விளக்கடியில் ரத்தச் சிவப்பாக ஒளிரும், கடைசியில் உயிருள்ள பூஞ்சையோடு நேருக்கு நேர் மோதும். இத்தனையையும் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாருங்கள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவோம்.

முதலில் நாயகியைப் பார்த்துவிடலாம். வண்டுகொல்லிக்குச் சீமை அகத்தி என்றும் பெயர் உண்டு. 1753இல் லின்னேயஸ் இதைக் காசியா அலாட்டா என்று பதிவு செய்தார். இன்றைய தாவரவியல் பெயர் சென்னா அலாட்டா. பிறந்த இடம் வெப்பமண்டல அமெரிக்கா. இங்கே வந்து சேர்ந்து, குளக்கரை, வாய்க்கால் ஓரம், ஈரமான புறம்போக்கு என்று எங்கெல்லாம் தண்ணீர்ப் பசை இருக்கிறதோ அங்கெல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. கிளை நுனியில் செங்குத்தாக நிமிர்ந்த மஞ்சள் பூங்கொத்து, அகலமான கூட்டிலைகள், நீளவாக்கில் சிறகு வைத்த காய். மாலையானால் சிற்றிலைகள் மடங்கித் தூங்கப் போய்விடும். ஒரு முறை பார்த்தவர் மறக்கவே மாட்டார்! நம் நிலாவரைக்கு இது நெருங்கிய சொந்தம். நிலாவரை என்றால், 'தின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரோடு உலகம் முழுக்க ஏற்றுமதியாகும் அதே பேதி மருந்து. இந்தச் சொந்தத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

"இலையைப் பறிச்சதும் அரைச்சிட முடியாது சார். இது அதுதான்னு முதல்ல சான்று வாங்கணும்" என்றார் ஆய்வு மாணவி. முனைவர் பட்டத்துக்காக இந்தச் செடியோடு குடித்தனம் நடத்துபவர். பூ, காய், இலை மூன்றும் இருக்கும் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் தைத்து, எங்கே எப்போது பறித்தது என்று எழுதி, அடையாளம் காண அனுப்ப வேண்டும். கோவையில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்று இதற்கெனவே பேர்போன இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தத் தாளுக்கு ஓர் எண் கிடைக்கும். எதிர்காலத்தில் உலகின் எந்த மூலையில் யார் சந்தேகப்பட்டாலும், அந்த எண்ணைச் சொன்னால் தாளை எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். கீரைக்கடையில் வாங்கிப் பொரியல் செய்கிற அகத்தி வேறு செடி, சீமை அகத்தி வேறு செடி. பெயர் பாதி ஒத்துப்போனதற்காக ஒன்றுக்கு மற்றொன்றைச் சோதித்தால் மொத்த ஆய்வும் வீண்.

சான்று வந்த பிறகுதான் உலர்த்தல். வெயிலில் போடக் கூடாது. மாடிப்படிக்கு அடியில், காற்றோட்டமான நிழலில் செய்தித்தாள் விரித்து இலைகளைப் பரப்பியிருந்தார்கள். "அண்ணே, திருப்பி விட்டீங்களா?" என்று போகிற வருகிற ஒவ்வொரு மாணவியும் லேப் உதவியாளரைக் கேட்டுக்கொண்டே போனார்கள். திருப்பி விடாவிட்டால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சையைக் கொல்லுமா என்று பார்க்க வைத்த இலையிலேயே பூஞ்சை வந்தால் எப்படி! உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் சரசரவென்று பொடிய வேண்டும், அதுதான் பதம். அப்புறம் நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே மிக்ஸிதான். அரைத்து, சலித்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்தால் முதல் கட்டம் முடிந்தது.

இப்போது நான் மணிக்கணக்காக நின்ற இடத்துக்கு வருகிறோம். சாக்ஸ்லெட் கருவி! 1879இல் பிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேளாண் வேதியியலாளர் பாலில் உள்ள கொழுப்பை அளக்க வடிவமைத்தது. முழுக்கக் கண்ணாடி. கீழே குடுவையில் மெத்தனால், அடியில் சூடேற்றும் மேன்டில். நடுவில் உள்ள அறையில், வடிதாளால் செய்த குழலுக்குள் இலைப்பொடி. மேலே குளிர்ந்த தண்ணீர் ஓடும் கண்டென்சர். மெத்தனால் ஆவியாகிப் பக்கக் குழாய் வழியே மேலேறும், குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் பொடியின் மேல் விழும், அறை நிரம்பும். பச்சை மட்டம் ஏறி ஏறி வளைந்த சிறு குழாயின் உச்சியைத் தொட்டதும், யாரும் தொடாமல், எந்த மோட்டாரும் இல்லாமல், மொத்தத் திரவமும் சளக்கென்று குடுவைக்குள் இறங்கிவிடுகிறது. அறை காலி. மறுபடி முதல் சொட்டு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் நான் கைதட்டாத குறைதான். முதல் சுற்றில் கரும்பச்சையாக இறங்கியது, சுற்றுகள் கூடக் கூட வெளிறிக்கொண்டே வந்தது. அறையிலிருந்து இறங்குவது நிறமற்றுப் போகும்வரை ஓட விடுவார்கள். பொடியில் மெத்தனால் கரைத்தெடுக்கக்கூடியதெல்லாம் அதற்குள் குடுவைக்கு வந்துவிட்டிருக்கும்.

ஆனால் சூடு எல்லாச் சேர்மங்களுக்கும் நல்லதல்ல. அதனால் இன்னொரு பங்குப் பொடியைச் சூடே காட்டாமல் மெத்தனாலில் ஊறப்போட்டு, அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி எடுக்கிறார்கள். இரண்டு சாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கொதிக்க வைத்ததில் எது காணாமல் போனது என்று தெரியும்.

மெத்தனால் விஷம். அது ஒரு துளி மிஞ்சினாலும், பின்னால் பூஞ்சை செத்தால் பெருமை இலைக்கா மெத்தனாலுக்கா என்று சொல்ல முடியாது. எனவே ரோட்டரி எவாப்பரேட்டர். காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் மெத்தனால் வெதுவெதுப்பிலேயே ஆவியாகிவிடும். 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியே போதும். குடுவை சாய்ந்தபடி சுற்றிச் சுற்றி வர, உள்சுவரில் திரவம் மெல்லிய படலமாகப் பரவ, கடைசியில் கரும்பச்சைப் பிசின் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பெரிய பாட்டில் பொடி, ஒரு சின்ன சீசாவுக்குள் அடங்கிவிட்டது.

இனி நிறங்களின் திருவிழா! சோதனைக் குழாய் ஸ்டாண்ட் நிறைய வரிசையாகச் சாறு. ஒன்றில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் கருநீலம் கலந்த பச்சை, அது டானின். ஒன்றைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அடங்காத நுரை, அது சப்போனின். ஒன்றில் மெக்னீசியம் நாடாத் துண்டு போட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் பொங்கி நிறம் மாறும், அது ஃப்ளேவனாய்டு. ஆல்கலாய்டுக்கு டிராகன்டார்ஃப், மேயர், வாக்னர் என்று மூன்று பெரியவர்களின் பெயரில் மூன்று கரைசல்கள்: முறையே ஆரஞ்சு, பாலாடை வெள்ளை, செம்பழுப்பு வீழ்படிவு.

எல்லோரும் காத்திருந்தது போன்ட்ரேகர் சோதனைக்கு. வண்டுகொல்லி இலையில் ரெயின், கிரைசோஃபனால், அலோ-எமோடின், எமோடின் என்ற ஆந்த்ராக்வினோன் குடும்பத்துச் சேர்மங்கள் உண்டு. படர்தாமரையை அடக்குபவை இவைதான் என்று நீண்ட காலமாகச் சந்தேகம் இருந்துவருகிறது. இலையில் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து கிடப்பதால் முதலில் நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து அந்தப் பிணைப்பை வெட்ட வேண்டும். வடிகட்டி, ஆறவைத்து, குளோரோஃபார்மோடு குலுக்கினால் விடுபட்ட ஆந்த்ராக்வினோன்கள் அதற்குள் குடியேறும். குளோரோஃபார்ம் அடுக்கை மட்டும் பிரித்து எடுத்து, அதன் மேல் அம்மோனியா. குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கும். அம்மோனியா மேலே நிற்கும். எம்.எஸ்ஸி. மாணவி ஒருத்தி குழாயை மெல்லச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினாள். மேலடுக்கு குபுகுபுவென்று ரோஜா நிறமானது. "அக்கா, பிங்க்! பிங்க் வந்துடுச்சுக்கா!" பக்கத்து மேசையில் வேறு வேலையில் இருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். பேராசிரியை குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு, போட்டோ எடுத்து வெச்சுக்கோ, நிறம் நிக்காது" என்றார். பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துபோகிற விஷயம், கண்ணெதிரே நடக்கும்போது எவ்வளவு பெரிய காட்சி!

'இருக்கிறது' என்பது தெரிந்தாயிற்று. 'எத்தனை பேர், யார் யார்' என்று பார்க்க மென்படல வண்ணப்பிரிகை. சிலிக்கா பூசிய அலுமினியத் தகட்டைக் கத்தரிக்கோலால் நறுக்கி, அடியில் பென்சில் கோடு போட்டு, நுண்குழலால் சாற்றை ஒரு புள்ளி வைத்து, கரைப்பான் ஊற்றிய கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்துகிறார்கள். கரைப்பான் மேலேற, கலவையில் இருந்தவை ஒவ்வொன்றும் தன் இயல்புக்கேற்ற உயரத்தில் பிரிந்து நிற்கும். உலர்ந்த தகட்டை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து, "கண்ணை வெச்சுப் பாருங்க சார்" என்றார் மாணவி. உள்ளே பார்த்தால், வெளியே பச்சையாக இருந்த குளோரோபில் அங்கே நெருப்புச் சிவப்பில் ஜொலிக்கிறது! ஆந்த்ராக்வினோன் புள்ளிகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தெளித்ததும் அந்த மஞ்சள்கள் சாதாரண வெளிச்சத்திலேயே சிவந்தன, அதே போன்ட்ரேகர் வினைதான். இருட்டுப் பெட்டியை விட்டு வரவே எனக்கு மனமில்லை.

ஜிசி-எம்எஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாற்றை ஆவியாக்கி, ஹீலியம் வாயுவில் ஏற்றி, நீண்ட நுண்குழாய் வழியே ஓட்டி, எலக்ட்ரான்களால் உடைத்து, உடைசல்களை எடை பார்த்து, கணினி நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் அற்புதமான கருவி. மாதிரியை அனுப்பினால் நீளமான பட்டியல் வரும். அந்தப் பட்டியலை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுவது நம் நாட்டில் பரவலாகிவிட்ட பழக்கம், எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. கருவியின் குழாய்ப் பூச்சிலிருந்தே கசியும் சிலோக்சேன்களும், பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வரும் தாலேட்டுகளும் 'மூலிகையின் மருத்துவச் சேர்மங்கள்' என்று அச்சேறிவிடுகின்றன. சர்க்கரையோடு பிணைந்த கனமான ஆந்த்ராக்வினோன்களோ ஆவியாகவே மாட்டா, எனவே அந்தப் பட்டியலில் தலைகாட்டவும் மாட்டா. இந்த லேபில் பேராசிரியை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டிருந்தார். "இது செடியில இருந்து வரலம்மா, மூடியில இருந்து வந்தது." அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தபோது அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ரெயின் எவ்வளவு இருக்கிறது என்று திட்டமாகச் சொல்ல இவர்கள் நம்பியிருப்பது ஹெச்பிஎல்சி என்ற திரவ வண்ணப்பிரிகைக் கருவியைத்தான். தூய ரெயினை விலைக்கு வாங்கி, அதையும் சாற்றையும் ஒரே கருவியில் ஓட்டி ஒப்பிடுகிறார்கள்.

இனி எதிரியின் அறை. கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' அட்டை. கோட்டு, கையுறை, முகக்கவசம் மாட்டித்தான் என்னை உள்ளே விட்டார்கள். "எதையும் தொடாதீங்க சார், பார்க்க மட்டும்தான்."

பூஞ்சைக்கு விருந்து சமைப்பது தனிக் கலை. சபுரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்பது மீடியாவின் பெயர். சபுரோ பாரிஸைச் சேர்ந்த தோல் மருத்துவர். ஒரு லிட்டருக்கு பெப்டோன் 10 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 40 கிராம், அகார் 15 கிராம். கொஞ்சம் புளிப்பாக, பிஹெச் 5.6. சர்க்கரையும் புளிப்பும் பூஞ்சைக்குப் பிடிக்கும், பாக்டீரியாவில் பலவற்றுக்கு ஒத்துவராது. கிருமி நீக்க ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம். வெளியே எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிளேட்டுகளில் ஊற்றி உறையவிடுகிறார்கள். அகார் கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேசுவரம் கரைகளில் பெண்கள் மூச்சைப் பிடித்து மூழ்கி எடுத்து வருகிறார்களே கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, அவை அகார் தயாரிக்கப் போகிறவைதான். நுண்ணுயிர்களை வளர்க்க அகாரைப் பயன்படுத்தலாம் என்று 1881இல் யோசனை சொன்னவரும் ஒரு பெண்மணி: ஃபேனி ஹெஸ். ஜாம் சமைக்கத் தெரிந்த அவர் சொன்ன வழி, கணவர் மூலம் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், உலகத்துக்கே வழியானது. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் இது ஒன்று.

பிளேட்டைத் திறக்காமலே காட்டினார்கள். டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். மேலே பார்த்தால் பஞ்சுபஞ்சாக வெள்ளை. பிளேட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினால் ஆழ்ந்த ஒயின் சிவப்பு! லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயம் போட்ட ஸ்லைடில், மெல்லிய இழைகளின் இரு பக்கமும் கண்ணீர்த் துளி வடிவில் நுண்வித்துகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இவ்வளவு அழகான உருவமா நம் இடுப்பிலும் தொடையிலும் அரிப்பெடுக்க வைக்கிறது என்று நான் கேட்டுவிட்டேன். தோல், முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின்தான் இதன் சாப்பாடு. பிளேட்டில் நடுவில் விதைத்தால் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி வட்டமாகிறது, தோலிலும் அப்படியேதான். படர்தாமரை வளையமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த வளர்ச்சிதான்.

பூஞ்சையைக் கொல்வது ஏன் அவ்வளவு கஷ்டம்? பரிணாம வம்சாவளியில் பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கமானவை. பூஞ்சையின் செல்லும் நம் செல்லும் பல வகையில் ஒன்று. அதைத் தாக்கும் மருந்து நம்மையும் தாக்கிவிடக்கூடும். வித்தியாசமான இடம் ஒன்று உண்டு: நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், அதன் சவ்வில் எர்கோஸ்டெரால். இன்றைய மருந்துகளில் பல, அந்த எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுப்பவை. 1950இல் அறிவிக்கப்பட்ட நிஸ்டாட்டின், எர்கோஸ்டெராலையே பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும். அதைக் கண்டுபிடித்த எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில், ரேச்சல் பிரவுன் ஆல்பனியில். மண் மாதிரியிலிருந்து எடுத்தவற்றை இருவரும் தபாலில் ஜாடி ஜாடியாக அனுப்பி அனுப்பி வேலை செய்தார்கள். தபால்காரர் கொண்டுவந்த மருந்து!

மோதல் நாள். லாமினார் அறையின் மேடையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தார்கள். ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. பூஞ்சை வித்துகளை உப்புக் கரைசலில் கலக்கி, பஞ்சு முனையால் பிளேட் முழுக்கச் சீராகத் தடவினார் மாணவி. கார்க் போரரைத் தீயில் காட்டி ஆற்றி, அகாரில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழிகள் வெட்டினார். ஒவ்வொரு குழியிலும் மைக்ரோ பிப்பெட்டால் வெவ்வேறு அளவு சாறு. ஒரு குழியில் மட்டும் டெர்பினாஃபின், ஏற்கெனவே பேர் வாங்கிய மருந்து. இன்னொரு குழியில் சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ மட்டும். இந்த வெறும் குழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சுற்றிப் பூஞ்சை ஜோராக வளர்ந்தால்தான், மற்ற குழிகளில் நடந்தது இலையின் வேலை என்று ஒப்புக்கொள்ள முடியும். மூடி, பாராஃபிலிம் சுற்றி, இன்குபேட்டரில் வைத்தாயிற்று.

பாக்டீரியா என்றால் மறுநாளே தெரிந்துவிடும். டிரைக்கோஃபைட்டான் சாவகாசமான ஆள், ஒரு வாரம் பத்து நாள் கேட்கும். அந்த நாட்களில் லேபுக்குப் போன் செய்து "ஜோன் வந்துதா?" (பூஞ்சை வளராத வட்டத்துக்கு லேபில் அந்தப் பெயர்) என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வந்தது! பிளேட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார் மாணவி. வெள்ளைப் பஞ்சு பரப்புக்கு நடுவே, சாறு வைத்த குழிகளைச் சுற்றி விளிம்பு சுத்தமாக, கண்ணாடித் தெளிவில் வட்டங்கள். சாற்றின் அளவு கூடின குழிக்கு வட்டமும் பெரிது. டெர்பினாஃபினின் வட்டம் எல்லாவற்றையும்விடப் பெரிது. வெறும் டிஎம்எஸ்ஓ குழியைச் சுற்றிப் பூஞ்சை விளிம்புவரை வந்து முட்டி நின்றது. ஸ்கேலை வைத்து அளந்து, மூன்று பிளேட்டுகளின் சராசரியை நோட்டில் எழுதினார். ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை, எண்ணை நான் வெளியிடக் கூடாது. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை வெளியிடலாம் அல்லவா?

வட்டத்தின் அகலத்தை மட்டும் வைத்து வீரியத்தை முடிவு செய்ய முடியாது. கனமான மூலக்கூறுகள் அகாருக்குள் எளிதில் ஊடுருவா; நல்ல மருந்துகூடச் சின்ன வட்டம் காட்டலாம். அடுத்த சோதனை அதற்குத்தான். 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, நம் பல்லாங்குழிப் பலகைக்குப் பேரன் மாதிரி. முதல் குழியில் முழு அளவுச் சாறு, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு பூஞ்சை வித்து. 35 டிகிரியில் நான்கு நாள். எந்தக் குழிவரை பூஞ்சை முளைக்காமல் இருக்கிறதோ அந்த அளவுதான் குறைந்தபட்சத் தடுப்பு அளவு, லேப் மொழியில் எம்ஐசி. ரெசசூரின் சாயம் விட்டால் இன்னும் சுவாரசியம்: உயிர் இருக்கும் குழிகளில் நீலம் பிங்க்காக மாறும், உயிர் அடங்கிய குழிகள் நீலமாகவே நிற்கும். வளராத குழிகளிலிருந்து ஒரு துளி எடுத்துப் புது பிளேட்டில் வைத்து, பூஞ்சை செத்ததா, மயக்கத்தில் கிடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் மருந்தியலில் மலையளவு வித்தியாசம்.

இன்னும் ஒரு வித்தை பாக்கி. சேர்மங்களைப் பிரித்த அதே சிலிக்கா தகட்டின் மேல் கருநிற வித்துகள் கொண்ட கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சையைத் தெளித்து, ஈரப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிடுவார்கள். தகடு முழுக்கக் கறுத்துப்போகும், பூஞ்சையை எதிர்க்கும் சேர்மம் நிற்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தப்பி நிற்கும். கலவையில் குற்றவாளி யார் என்று பூஞ்சையே கைகாட்டிக் கொடுத்துவிடுகிறது. இந்த யோசனையைப் பார்த்தவருக்கு விஞ்ஞானத்தின் மேல் காதல் வராமல் இருக்குமா?

இந்த இலையை இப்படிக் கேள்வி கேட்டவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. 1995இல் மலேசிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், இதன் எத்தனால் சாறு தோல் பூஞ்சைகளை நன்றாகவே அடக்கியது, ஆனால் ஈஸ்ட் வகைகளிடமும் பாக்டீரியாவிடமும் பலிக்கவில்லை. எல்லாவற்றையும் கொல்லும் சர்வரோக நிவாரணி என்று சொல்லாத அந்த முடிவு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஜர்னல் ஆஃப் எத்னோபார்மகாலஜி இதழில், தேமலுக்கு இந்த இலைச் சாற்றைப் பத்தாண்டுகள் மனிதர்களிடம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு வெளியானது. பிலிப்பைன்ஸில் இதற்கு அகபுல்கோ என்று பெயர். 1992இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதற்கும் இடம் கிடைத்தது. இதன் லோஷனும் அங்கே உருவானது. நம்மிடம் சித்த மருந்துக் கடைகளில் சீமை அகத்திக் களிம்பு கிடைக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்ப் பக்கம் படர்தாமரைக்குப் புகழ்பெற்றிருந்த 'கோவா பவுடர்' உண்மையில் பிரேசில் மரம் ஒன்றின் தண்டுப் பொந்துகளில் படியும் மஞ்சள் தூள். போர்ச்சுகீசியர் வழியாகக் கோவா வந்தது. அதில் இருந்ததும் கிரைசோஃபனாலின் நெருங்கிய உறவுதான்! அதை மாதிரியாக வைத்து 1916 வாக்கில் ஜெர்மனியில் செய்த டித்ரனால், சொரியாசிஸ் மருந்தாக நிலைத்தது.

ஆனால் பிளேட்டில் வட்டம் வருவதற்கும் கடையில் மருந்து வருவதற்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. பூஞ்சையைத் தடுக்கும் அளவில் மனிதத் தோல் செல் பிழைக்குமா? களிம்பில் எத்தனை மாதம் வீரியம் நிற்கும்? மழைக்காலத்து இலையிலும் கோடைக்காலத்து இலையிலும் ரெயின் ஒரே அளவா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வு வேண்டும். நிலாவரையோடு உள்ள சொந்தம் இங்கேதான் வருகிறது: இலையைத் தின்றால் அந்தக் குடும்பத்துக் குணப்படி வயிற்றைக் கலக்கிப் பேதியாகும். பூசுகிற இலையை யாரும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

இந்த வேலைக்கு இப்போது அவசரமும் உண்டு. இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாகப் படர்தாமரை முரட்டுத்தனமாகிவிட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று பெயரிட்ட பூஞ்சையில், டெர்பினாஃபின் தாக்கும் நொதியின் மரபணுவே மாறிப்போனவை நிறைய. அந்த மருந்து அவற்றிடம் தோற்கிறது. ஸ்டீராய்டு கலந்த கலப்புக் களிம்புகளை நாமாக வாங்கிப் பூசுவதும் நிலைமையைக் கெடுத்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ள 19 பூஞ்சைகளில் பெரும்பாலானவை உடலுக்குள் புகுந்து உயிரையே எடுப்பவை. புதிய பூஞ்சை மருந்து வேண்டும் என்று உலகமே தேடிக்கொண்டிருக்கும்போது, மாடிப்படிக்கு அடியில் செய்தித்தாளில் இலை உலர்த்தும் ஒவ்வொரு லேபும் அந்தத் தேடலில் ஒரு பங்குதான்.

அரிப்பு அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். பூசிய களிம்பு, அரைத்த இலை எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்காதீர்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். அன்று பல கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், போன்ட்ரேகர் சோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.